கதவுப் பூட்டுத் திருத்த ஆள் கூப்பிடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கூப்பிடுங்கள்: 685 பவுண் போய்விட்டது

நேற்றுப் பின்னேரம்தான் முழு விஷயமும் தெரிய வந்தது. இரவு முழுக்க நித்திரை இல்லை. லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்கள் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோபம் அடங்கவில்லை, அதனால் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன தொகை 685 பவுண். பகுதிநேர வேலை பார்க்கிற எனக்கு அது இரண்டு கிழமைச் சம்பளம்.

நாங்கள் ஹரோ பக்கம் ஒரு பழைய வரிசை வீட்டில் இருக்கிறோம். வெள்ளைப் பிளாஸ்ரிக் சட்டம், இரட்டைக் கண்ணாடி போட்ட முன்கதவு. இந்த ஊரில் பாதி வீட்டில் இருப்பது போல, கைபிடியை மேலே தூக்கினால் உள்ளே மூன்று நான்கு இடத்தில் கொக்கிகள் போய் விழும், அதற்குப் பிறகு திறப்பைத் திருப்ப வேண்டும். கைபிடி மேலே வராவிட்டால் திறப்பும் திரும்பாது. கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும், வெளியில் நிற்கிறவர் கைபிடியை அமர்த்தினால் திறந்துவிடும்.

மார்கழியில் இருந்தே கைபிடி இறுக்கமாக இருந்தது. கணவர் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பூட்டுவார். பார்த்துச் செய்விப்போம் என்று நாளைக் கடத்திவிட்டோம். போன வியாழனுக்கு முந்தின வியாழன் இரவு ஏழு மணிக்குக் கைபிடி அடியோடு மேலே வரவில்லை. அவருக்கு இரவு வேலை, எனக்கு விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட வேண்டும். வீட்டில் 78 வயது அம்மா தனிய. பூட்டாத கதவோடு அவவை எப்படி விட்டுப் போவது? அந்தப் பதற்றத்தில்தான் போனை எடுத்துத் தேடினேன்.

தேடினால் மேலே விளம்பரமாக முதலில் வருமே, உங்கள் பகுதியின் பெயரைப் போட்டு "30 நிமிடத்தில் உள்ளூர் ஆள்" என்று, அந்த மாதிரித் தளம் ஒன்று. பெயர் எழுதவில்லை. ஒன்றை மூடினால் வேறு பெயரில் இன்னொன்று வரும் என்று இப்போது சொல்கிறார்கள். "49 பவுணில் இருந்து" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அந்த "இருந்து" என்ற சொல்லை நான் கவனிக்கவே இல்லை. எடுத்துக் கதைத்த பெண் அவ்வளவு தன்மையாகக் கதைத்தா. அம்மா தனிய இருக்கிறா என்று சொன்னதும், "கவலைப்படாதீர்கள், வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் அனுப்புவோம்" என்றா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எட்டரைக்கு ஆள் வந்தார். முப்பது வயது இருக்கும். வாசலில் நின்று, நான் ஒன்றும் சொல்லாமலே, குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். இந்த நாட்டில் வேலைக்கு வருகிற எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்? அம்மா உடனே, "நல்ல பிள்ளை, தேத்தண்ணீர் போட்டுக் கொடு" என்றா. நான் அந்த ஆளை முழுதாக நம்பியது அந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் திருப்பிக் கேட்கவில்லை. நான் குசினியில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டு நின்ற நேரம் கதவடியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

தேத்தண்ணீரோடு வந்தபோது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சின்னப் புத்தகம் அளவில் ஓர் இரும்புப் பெட்டி, ஒரு பக்கம் பிளந்து, உள்ளே உடைந்த ஸ்பிரிங் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கருப்பு மசகு விரலெல்லாம். "இதுதான் கியர்பொக்ஸ், கைபிடியைத் தூக்கக் கொக்கிகளைத் தள்ளுகிற பெட்டி. உடைந்துவிட்டது. கதவு விளிம்பில் இருக்கிற முழுப் பூட்டுப் பட்டையையும் மாற்ற வேண்டும். நல்ல காலம், என் வானில் ஒன்று இருக்கிறது" என்றார். கணவருக்கு அனுப்புவோம் என்று அந்தக் கையை ஒரு படம் எடுத்தேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

பிறகு, "மற்ற யன்னல்களையும் ஒருக்கால் பார்த்துவிடுகிறேன், இலவசம்" என்று மேலே போனார். அம்மாவின் அறை யன்னலைத் திறந்து மூடி, பிணைச்சல் துருப்பிடித்துவிட்டது, காற்றுக்குக் கண்ணாடியோடு கழன்று கீழே விழும், கீழே பிள்ளைகள் நடப்பார்கள் என்றார். அம்மா பயந்துபோனா. சரி, செய்யுங்கள் என்றேன்.

பத்தேகாலுக்கு பில்லை நீட்டினார். வருகைக்கு 49. முழுப் பூட்டுப் பட்டை 366. திறப்புப் போடுகிற சிலிண்டர், உடைக்க முடியாததாம், 150. யன்னல் பிணைச்சல் ஒரு சோடி 120. மொத்தம் 685 பவுண். எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. "49 என்றுதானே போட்டிருந்தது" என்றேன். "அது வந்து பார்ப்பதற்கு மட்டும்" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கார்ட்டை எடுத்தேன். மெஷின் வேலை செய்யவில்லையாம், வங்கிக் கணக்குக்கு நேரே போடச் சொன்னார், அப்படிப் போட்டால் வற் வரியும் சேராதாம். கதவுத் திறப்பு அப்போது வெண்ணெய் மாதிரித் திரும்பியது. இரவு பத்தரை, அந்நிய ஆள் ஒருவர் வீட்டுக்குள், அம்மாவும் நானும் மட்டும். போட்டுவிட்டேன், 685 பவுண். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அம்மாவுக்கு இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிறு காலை கைபிடி பழையபடி இறுகிவிட்டது.

அன்றைக்கே எடுத்தேன். அதே தன்மையான குரல். "மேற்பார்வையாளர் ஒரு மணித்தியாலத்தில் கதைப்பார்" என்றா. ஒருவரும் கதைக்கவில்லை. திங்கள் மூன்று தரம் எடுத்தேன். பில் இலக்கம் கேட்டார்கள். கொடுத்தால், அந்த இலக்கம் தங்கள் கணினியில் இல்லை என்றார்கள். செவ்வாய் படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். தெளிவில்லை, வீடியோ வேண்டும் என்றார்கள். வீடியோவும் அனுப்பினேன். புதன் ஓர் ஆண் எடுத்து, "உத்தரவாதம் சாமானுக்குத்தான், ஆள் வருவதற்கு இல்லை. திரும்ப வர 90 பவுண்" என்றார். முதல் நாள் என்னிடம் 12 மாத உத்தரவாதம் என்று சொன்னது யார் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்கு இப்போதும் காதில் நிற்கிறது: "வந்தவர் எங்கள் ஆள் இல்லை. அவர் சுயதொழில் செய்கிறவர். நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்தோம்." அப்படியென்றால் வந்தவரின் நம்பரையாவது தாருங்கள் என்றேன். தனியுரிமைச் சட்டப்படி தர முடியாதாம். வியாழக்கிழமையில் இருந்து என் நம்பரில் எடுத்தால் அடிக்கவே இல்லை. தங்கச்சியின் போனில் எடுத்தால் உடனே எடுத்தார்கள், என் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டார்கள்.

அந்த ஆறு இரவும் சோபாவை இழுத்து முன்கதவுக்குக் குறுக்கே போட்டுவிட்டுத்தான் படுத்தோம். அம்மா கீழே விறாந்தைப் பக்கம் படுத்தா, சத்தம் கேட்டால் தெரியும் என்று.

நேற்றுச் சனிக்கிழமை பக்கத்துத் தெரு அண்ணை ஒருவர், இருபது வருடமாகக் கதவு யன்னல் பொருத்துகிறவர், வந்து பார்த்தார். அண்ணை முதலில் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு கைபிடியைத் தூக்கினார். ஒரு விரலால் தூக்குப்பட்டது! கொக்கி எல்லாம் வடிவாக வெளியே வந்தது. "பார்த்தீர்களா தங்கச்சி, பூட்டில் ஒரு பிழையும் இல்லை. கதவு தொங்கிவிட்டது, கொக்கி தன் துளையில் விழவில்லை" என்றார். குளிருக்கும் வெயிலுக்கும் இந்தச் சட்டங்கள் சுருங்கி விரியும், கண்ணாடியின் பாரத்தில் வருடக்கணக்கில் கதவு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இறங்கும், அதைப் பலாத்காரமாகத் தூக்கித் தூக்கித்தான் கடைசியில் கியர்பொக்ஸ் உடைகிறது. எங்களுடையது இன்னும் உடையவே இல்லை.

பிறகு கதவின் விளிம்பில் ஓடுகிற அந்த நீளப் பட்டையை டோர்ச் அடித்துக் காட்டினார். மேலிருந்து கீழ் வரை ஸ்குரூத் தலைகளில் பழைய துரு அப்படியே, பட்டைக்கும் சட்டத்துக்கும் இடையில் வருடக்கணக்கான அழுக்கு ஒரு கோடாகப் படிந்து, எங்கும் அறாமல். "இதை ஒருத்தரும் கழற்றவே இல்லை" என்றார். என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது உங்கள் கதவுப் பெட்டியே இல்லை. வடிவமே வேறு" என்றார்.

உடைந்த பெட்டியை வானில் கொண்டு திரிகிறான். வீட்டுக்கு வீடு அதைத்தான் உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறான். எங்கள் கதவில் அவன் செய்ததெல்லாம் கொக்கி விழுகிற தகட்டை அரத்தால் கொஞ்சம் ராவி, மசகு ஸ்பிரே அடித்ததுதான். ராவின அடையாளம் தெரிகிறது. இரண்டு நாள் தாங்கியது.

சிலிண்டரை மாற்றியது உண்மை. அது கைபிடித் தகட்டுக்கு வெளியே 6 மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. 3க்கு மேல் நீட்டினால் கள்ளன் இடுக்கியால் பிடித்து முறித்துவிடுவான் என்று அண்ணை சொன்னார். முறிக்க முடியாதது என்றால் முகத்தில் பெரும்பாலும் TS 007 தரக் குறியும் மூன்று நட்சத்திரமும் அடித்திருக்கும். எங்களுடையதில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. நல்ல மூன்று நட்சத்திரச் சிலிண்டரே 40, 50 பவுணுக்குக் கடையில் வாங்கலாம். அம்மாவின் யன்னலுக்கு 17 மில்லிமீற்றர் உயரப் பிணைச்சல் வேண்டுமாம், பூட்டியிருப்பது 13. அதனால்தான் கீழ் மூலை ரப்பரில் பொருந்தாமல் அன்றிலிருந்து காற்று ஊதுகிறது, அம்மா துவாய் சுருட்டி வைத்துக்கொண்டு படுக்கிறா. அந்தப் பிணைச்சல் ஒரு சோடி 15, 20 பவுண் சாமான்.

அண்ணை கதவுப் பிணைச்சல்களை ஓர் அலன் திறப்பால் சரிக்கட்டி, தகட்டை இரண்டு மில்லிமீற்றர் இறக்கிப் பூட்டினார். இருபது நிமிடம். 60 பவுண் வாங்கினார். 60 பவுண் வேலைக்கு நான் கொடுத்தது 685.

வங்கியில் கேட்டாகிவிட்டது. நானே விரும்பி அனுப்பின காசு, இது வியாபாரத் தகராறு என்கிறார்கள். கிரெடிட் கார்ட்டில் கட்டியிருந்தால் 100 பவுணுக்கு மேற்பட்டதற்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்ட் கம்பனியைப் பிடித்திருக்கலாமாம். மெஷின் ஏன் வேலை செய்யவில்லை என்று இப்போது விளங்குகிறது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். தலை இடிக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

கதவு பூட்டுப்படாவிட்டால் முதலில் திறந்து வைத்துக்கொண்டு கைபிடியைத் தூக்கிப் பாருங்கள். திறந்திருக்கும்போது சுகமாக வந்தால் பூட்டு நல்லது, பிணைச்சலைத்தான் பார்க்க வேண்டும். இறுகத் தொடங்கினவுடனேயே பகலில், ஆறுதலாக, தெரிந்தவர் மூலம் ஆள் பிடியுங்கள். இந்த நாட்டில் பூட்டு வேலை செய்ய லைசென்ஸ் எதுவும் தேவையில்லை, யாரும் ஒரு வானோடு வந்து நிற்கலாம். கழற்றுகிற இடத்தை விட்டு அசையாதீர்கள், தேத்தண்ணீர் பிறகு போடலாம். முழு விலையையும் எழுத்தில் வாங்காமல் ஸ்குரூவில் கை வைக்க விடாதீர்கள். கார்ட் இல்லையென்றால் காசும் இல்லை என்று சொல்லுங்கள். கண்ணாடிக்கு நடுவில் ஈரம் படிந்திருக்கிறது என்று முழு யன்னலையும் மாற்றச் சொன்னாலும் நம்பாதீர்கள், கண்ணாடியை மட்டும் மாற்றலாம். அது எனக்கு நடக்கவில்லை, அண்ணை சொன்னது.

இலவசமாக ஆலோசனை சொல்கிற அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸ் வலைத்தளத்தில் பார்த்தேன். வீட்டுக்கு வந்து செய்கிற ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்துச் செய்யும் உரிமை, நாங்களே அவசரமாகக் கூப்பிட்ட திருத்தத்துக்குப் பொருந்தாது. ஆனால் வந்த இடத்தில் மேலதிகமாக ஏற்றின வேலைக்குப் பொருந்தும். இன்றைக்குப் பத்தாம் நாள். யன்னலின் 120 பவுணுக்கு ரத்துக் கடிதம் எழுதி இப்போதுதான் மின்னஞ்சலில் அனுப்பினேன். மாற்றாத பூட்டுக்கு வாங்கின 366க்கு நாளைக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் உதவி எண்ணில் கதைத்து முறைப்பாடு பதியப் போகிறேன். துருப்பிடித்த ஸ்குரூக்களை அண்ணை கிட்டத்தில் வைத்து எடுத்த படங்களும், அந்த உள்ளங்கைப் படமும் இருக்கின்றன.

ஹரோ, வெம்ப்ளி, குரோய்டன் பக்கம் யாருக்காவது இதே மாதிரி உடைந்த பெட்டியைக் கையில் வைத்துக் காட்டினார்களா? படம் எடுத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.