எங்க ஆச்சி முகத்த மாத்தாம குடுத்த போட்டோ கடை (மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள் பக்கம்)

பழைய போட்டோ சரி பண்ணி போட்டோ புக் போட்டுக் குடுக்குற கடைங்க மும்பைல நிறைய இருக்கு, ஆனா வீட்டுல பெரியவங்க தவறிட்டாங்க, அவங்க படத்த நல்லபடியா எடுத்து வைக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு நான் இந்த கடையத்தான் சொல்லுவேன். நாலரை ஸ்டார். அரை ஏன் குறைச்சேன்னு கீழ எழுதிருக்கேன்.

எங்க ஆச்சி சயான் ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. திருநெல்வேலி பக்கம் சொந்த ஊரு, வாழ்ந்தது பூரா தாராவி. 90 அடி ரோட்டுல அவங்க பேர சொல்லி கேட்டா யாருக்கும் தெரியாது, சிஸ்டரம்மா வீடுன்னு கேட்டாதான் கூட்டிட்டு வந்து விடுவாங்க. எந்த வீட்டு பிள்ளைக்கு வயித்தால போனாலும் முதல்ல எங்க கதவுதான் தட்டுவாங்க, ஆச்சியும் ஒரு லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணி, தலை தட்டி ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்புன்னு சொல்லிக் குடுத்துட்டு, "பிள்ளை கண்ணு சொருகுனா என்ட்ட வராத, நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடு"ன்னு அனுப்புவாங்க. எங்க சந்துல இருக்குற பாதி அம்மாக்களுக்கு அந்த அளவு இன்னைக்கும் மனப்பாடம்.

அவங்க போனதுக்கு அப்புறம் முதல்ல ஒரு மொபைல் ஆப்ல போட்டோவ போட்டு பாத்தோம். சுருக்கமெல்லாம் போயி, நிறம் வெளுத்து, வேற யாரோ ஒரு அம்மா வந்து நின்னாங்க. எங்க அம்மா அத பாத்துட்டு இது எங்க அம்மா இல்லன்னு போன திருப்பி குடுத்துட்டாங்க.

இந்த கடை அண்ணன் கம்ப்யூட்டர தொடுறதுக்கு முன்னாடியே உக்கார வச்சு கேட்டாரு. தாடைல இருக்குறது தழும்பா, இல்ல போட்டோல விழுந்த கீறலா? இவங்க என்ன வேலை பாத்தாங்க? அந்த தழும்பு சின்ன வயசுல கிணத்தடில விழுந்தது, அது இல்லாம ஆச்சி இல்ல, அப்படியே விட்டாரு. டிரெய்னிங் காலத்து குரூப் போட்டோல வெள்ளை தொப்பியும் பின்னாடி வெள்ளை சுவரும் வெளிறிப்போயி ஒண்ணாயிருந்துச்சு, தொப்பியோட ஓரத்த உக்காந்து கையால எடுத்தாரு. கலர் போடவான்னு கேட்டாரு, வேணாம்னோம், வற்புறுத்தல.

இன்னொரு போட்டோ ஃபிரேம் கண்ணாடியோட ஒட்டிப்போயிருந்துச்சு. மழைக்கால ஈரத்துல போட்டோ மேல இருக்குற ஜெலட்டின் இளகி கண்ணாடில பிடிச்சுக்குமாம், உரிச்சா முகம் கண்ணாடியோடயே வந்துரும்னு சொல்லி கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணாரு. தயவுசெஞ்சு வீட்டுல யாரும் உரிக்காதீங்க. ஸ்கேன் 600 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளிங்கிற கணக்கு), பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு 1200 டிபிஐ.

புக்ல எனக்கு ரொம்ப பிடிச்ச பக்கம் தாய்ப்பால் வங்கி பக்கம்தான். ஆசியாவுலயே முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல சயான் ஆஸ்பத்திரிலதான் வந்துச்சு, டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆரம்பிச்சது. ஆச்சி அப்போ குறைமாச குழந்தைங்க வார்டுல டியூட்டி. வார்டுல இருக்குற அம்மாங்ககிட்ட தமிழ்ல பேசி மராத்தில பேசி ஹிந்தில பேசி, உன் பிள்ளை குடிச்சது போக மிச்சத்த குடு தாயி, அந்த கண்ணாடி பெட்டிக்குள்ள இருக்குறதும் ஒரு பிள்ளைதானன்னு கேட்டு வாங்குவாங்களாம். வாங்குன பால 62.5 டிகிரில 30 நிமிஷம் சூடாக்கி, குளிர வச்சு, மைனஸ் 20-ல உறைய வைக்கணும், அதுக்கு முன்னாடி குடுக்குற அம்மாக்கு ரத்த டெஸ்ட். இதெல்லாம் ஆச்சி சோறு ஊட்டும்போதே எனக்கு சொன்னது. நான் எழுதிக் குடுத்தத அண்ணன் ஒரு வரி கூட வெட்டாம முழுப்பக்கம் ஒதுக்கினாரு, மத்த இடத்துல நாலு வரிக்கு மேல போடமாட்டோம்னாங்க. என் பொண்ணு ஆச்சிய பாத்ததில்ல, பேர் மட்டும் தெரியும், அவ படிக்கிறதுக்குத்தான் இவ்வளவும்.

இப்போ அந்த அரை ஸ்டார். முதல் புரூஃப்ல, அதாவது பிரிண்ட் போற முன்னாடி பாக்கக் குடுக்குற மாதிரில, தமிழ் எழுத்தெல்லாம் உடைஞ்சு, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு கிடந்துச்சு, மராத்தி மட்டும் ஒழுங்கா வந்துச்சு. சாஃப்ட்வேர் செட்டிங்தான் காரணம், சொன்னதும் சரி பண்ணாங்க, காசு கூட கேக்கல, ஆனா அதுல தேதி தள்ளிப்போயி நாப்பத்தொண்ணாம் நாளைக்கு புக் கைக்கு வரல. சொந்தக்காரங்க எல்லாரும் ஊருக்கு கிளம்புனதுக்கு அப்புறம்தான் வந்துச்சு, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

விலை கம்மின்னு சொல்லமாட்டேன். ஆனா கிளேர் அடிக்காத மேட் பேப்பர், தச்ச பைண்டிங், விரிச்சு வச்சா தட்டையா நிக்குது. தமிழ்ல எழுத்து போடுறதா இருந்தா பிரிண்ட் போற முன்னாடி புரூஃப பேப்பர்ல கேட்டு வாங்கி, வீட்டுல தமிழ் படிக்கத் தெரிஞ்ச பெரியவங்க யாரையாவது ஒரு தடவ முழுசா படிக்க சொல்லுங்க. ஸ்கேன் ஃபைல் எல்லாத்தையும் பென் டிரைவ்ல கேளுங்க, கேட்டா தனி காசு இல்லாம குடுக்குறாங்க.