கதவு சென்சார்: பூட்டுக்கு நல்ல மாற்றுதான், ஆனால் எந்த வகை என்பது முக்கியம்

டிமென்ஷியா (முதுமையில் வரும் மறதி நோய்) உள்ளவர் யாருக்கும் தெரியாமல் வெளியே போய்விடுவாரோ என்ற பயம் வந்ததும், பல வீடுகளில் வாசல் கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைக்கிறார்கள். ஓர் ஆபத்தை மூடினால் இன்னொன்று திறக்கிறது. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவரால் வெளியேற முடியாது. சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று தவிப்பவர், திறக்காத கதவைப் பார்த்து இன்னும் பதறுவார். ஜன்னல், பால்கனி என்று வேறு வழி தேடுவார். நடமாட்டத்தைத் தடுக்காமல், கதவு திறந்ததை மட்டும் பராமரிப்பவருக்குச் சொல்லும் வயர்லெஸ் சென்சார் இந்த இடத்தில் உண்மையிலேயே உதவுகிறது.

கதவின் நிலைச்சட்டத்தில் சென்சார், கதவில் ஒரு சிறு காந்தம். இரண்டும் விலகினால் சிக்னல் போகும், அவ்வளவுதான். வாங்கும்போது பார்க்க வேண்டியது, சத்தம் எங்கே கேட்கிறது என்பதை. சென்சாரிலேயே சைரன் அலறும் மலிவு வகை திருடரை விரட்டச் செய்தது. 100 டெசிபெல் அளவில் தலைக்கு மேல் அலறினால், எங்கிருந்து சத்தம் வருகிறதென்று புரியாமல் டிமென்ஷியா உள்ளவர் மிரண்டு வேகமாக நகர்வார். வாசலில் படி இருந்தால் விழுவார். இந்த வகை வேண்டவே வேண்டாம்.

தனி ரிசீவர் (சிக்னலைப் பெற்று ஒலிக்கும் கருவி) உள்ள வகையே சரி. ரிசீவரைப் பராமரிப்பவரின் படுக்கைக்கு அருகில் வைக்கலாம், கையோடும் எடுத்துப் போகலாம். ஒலியைக் குறைக்கும் வசதியும் அதிர்வும் இருந்தால் நல்லது. செல்போனுக்குத் தகவல் அனுப்பும் வைஃபை மாடல்களை இரவுக்கு நம்பிவிட முடியாது: இணையம் போனாலோ போன் சைலன்ட்டில் கிடந்தாலோ ஒன்றும் தெரியாது. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தூரம் திறந்த வெளிக்கானது. நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர் வந்தால் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். ரிசீவரை வைக்கப்போகும் அறையில் வைத்தே சோதித்துவிட்டு, அதன் பிறகு ஒட்டுங்கள்.

பொருத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கீல் பக்கம் ஒட்டினால், ஆள் நுழையும் அளவுக்குக் கதவு திறந்தும் காந்தம் போதிய தூரம் விலகியிருக்காது. கைப்பிடி இருக்கும் பக்கம், கதவின் மேல்விளிம்பில் ஒட்டுங்கள். கண்ணில் படாததால் பிடுங்கி எறியவும் மாட்டார். மூடிய நிலையில் இடைவெளி 1 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். இரும்புக் கதவு காந்தப்புலத்தைத் திசைதிருப்பிவிடும் என்பதால் காந்தத்துக்கு அடியில் மரத்துண்டோ பிளாஸ்டிக் துண்டோ வைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் ஸ்பிரிட்டால் துடைக்காமல் ஒட்டிய டேப் சில வாரங்களில் கழன்றுவிடும். திருகு போட முடிந்தால் போட்டுவிடுங்கள்.

பேட்டரி மூடிக்குக் கட்டாயம் திருகு இருக்க வேண்டும். நாணய வடிவ லித்தியம் பேட்டரியை மாத்திரை என்று நினைத்து விழுங்கினால், சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

இன்னொரு தொல்லை, வீட்டில் யார் போய் வந்தாலும் மணி அடிப்பது. சலித்துப்போய் ஒருவர் அணைத்துவைப்பார், மறுபடி போட மறந்துவிடுவார். அன்று ராத்திரிதான் டிமென்ஷியா உள்ளவர் வெளியே போவார். ஒரு முறை மட்டும் மௌனமாக்கி, தானாகவே மீண்டும் விழித்துக்கொள்ளும் பொத்தான் உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து சோதித்துப் பாருங்கள்.

ஜிபிஎஸ் கைக்கடிகாரம் இதற்கு மாற்றல்ல, அடுத்த அடுக்கு. கட்டடத்துக்குள் இடத்தைத் துல்லியமாகக் காட்டாது, அடிக்கடி சார்ஜ் போட வேண்டும், பழக்கமில்லாதவர் கழற்றி எறிந்துவிடுவார். நோயின் ஆரம்பத்திலேயே அவரிடம் கேட்டு, சம்மதத்தோடு அணியப் பழக்கினால் பிற்பாடு கைகொடுக்கும். சென்சார் பொருத்துவதையும் அதே போல அவரிடம் சொல்லிவிடுங்கள்.

தனியாக வசிப்பவருக்குக் கதவு சென்சார் மட்டும் வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை. மணி கேட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் வாசலுக்கு வரக்கூடியவர் ஒருவர் இருந்தால்தான் இதற்குக் கொடுத்த பணம் தகும்.