ஆட்டோவில் கன்னியாகுமரி வரை 'சாகசப் பயணம்': பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கிழக்குக் கடற்கரை வழியாக, ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டி எடுத்த ஆட்டோவை நாங்களே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டோம். நான், என் மச்சான், அவனுடைய நண்பன். முடிவில் கழுத்தில் மெடல் போட்டு, சான்றிதழ் கொடுத்து, படமும் எடுத்தார்கள். அந்தப் படத்தைத்தான் இப்போது அவர்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு "நாங்களும் புக் பண்ணலாமா?" என்று கேட்கிறார்கள். பண்ணாதீர்கள். ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே வரும்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியும்வரை பெயர் சொல்லி எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

இந்த மாதிரி ஆட்டோ பயணங்களுக்கு முன்னோடி 'ரிக்‌ஷா ரன்'. 2006இல் தொடங்கியது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து கொச்சி, ஜெய்சல்மர் என்று நாட்டின் குறுக்கே ஆட்டோ ஓட்டிப் போவார்கள். வண்டி வழியில் நின்றால் உன் பாடு, உதவிக்கு யாரும் வர மாட்டார்கள் என்று அதை நடத்துபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அது நேர்மை. எங்களிடம் பணம் வாங்கியவர்கள் சொன்னது வேறு. பின்னாலேயே மெக்கானிக் வண்டி வரும், பேப்பர் எல்லாம் பக்கா, கார் லைசென்ஸ் இருந்தால் போதும், சுங்கக் கட்டணம் உட்பட எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய், திருப்பித் தரும் முன்பணம் 20,000 ரூபாய். பணம் ஜிபே-யில் ஒரு தனிநபர் கணக்குக்குப் போனது. பணம் போகும்வரை "ப்ரோ", போன பிறகு "சார்".

அந்தச் சுங்கக் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பில்லில் 'டோல்' என்று 1,200 ரூபாய் தனியாகப் போட்டிருந்தார்கள். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்குப் பொதுவாகக் கட்டணமே கிடையாது. சாவடியில் ஓரமாக ஒதுங்கிப் போகும் ஆட்டோவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவர்கள் மற்றதை எப்படிக் கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

வண்டியை ஒப்படைத்தது இரவு எட்டரை மணிக்கு. மஞ்சளும் நீலமும் ஸ்டிக்கர் ஒட்டி, மேலே கொடி கட்டி, பார்க்க ஜோராகத்தான் இருந்தது. பகலில் கொடுத்திருந்தால் ஸ்டெப்னி டயர் வழுக்கை என்று அப்போதே தெரிந்திருக்கும். ஆட்டோவில் மூன்று சக்கரத்துக்கும் ஒரே அளவு டயர்தான், எது பஞ்சர் ஆனாலும் அந்த ஒரு ஸ்டெப்னிதான் கதி.

முதலில் போனது க்ளட்ச் கேபிள். மரக்காணம் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவில். ஆட்டோவில் கேபிள் அறுவது சகஜம், அதற்காக யாரும் பதிவு எழுத மாட்டார்கள். ஆனால் அறுந்த நுனியைப் பார்த்தால் ஏற்கெனவே ஒருமுறை அறுந்து ஈயம் வைத்து ஒட்டிய கேபிள் அது. போன் செய்தோம். "மெக்கானிக் பக்கத்துலதான் சார் இருக்கான், அரை மணி நேரம்" என்றார்கள். பொழுது சாய்ந்தது, மெக்கானிக் வரவில்லை. திரும்பக் கூப்பிட்டால் "அட்வெஞ்சர்னா இதெல்லாம் இருக்கும் சார், என்ஜாய் பண்ணுங்க" என்றது அதே குரல். இந்தத் தொழிலில் அவர்களுக்கு இருக்கும் வசதி இதுதான். எதைச் சொன்னாலும் அது பயணத்தின் சுவையில் ஒரு பகுதி ஆகிவிடும். கடைசியில் அந்தப் பக்கம் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் தன்னிடம் இருந்த கேபிளைப் போட்டுக் கொடுத்துவிட்டு, டீக்கு மேல் காசு வாங்க மாட்டேன் என்று போய்விட்டார்.

சிதம்பரம், சீர்காழி, நாகப்பட்டினம் பக்கமெல்லாம் நன்றாகத்தான் போனது. அதை மறைக்கக் கூடாது. வேதாரண்யம் பக்கம் காலை வெயிலில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போவது காரில் கிடைக்காத சுகம்.

பயந்தது தொண்டியில். மணமேல்குடியைத் தாண்டியதிலிருந்தே பிரேக் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்க ஆரம்பித்தது. இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் பிடித்தது. முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டி இது, வளைவில் திருப்பிக்கொண்டே பிரேக் அடித்தால் கவிழப் பார்க்கும். எதிரே வரும் பஸ்ஸின் காற்றே வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். அப்படிப்பட்ட வண்டியில் பிரேக் எப்போது பிடிக்கும், எப்போது பிடிக்காது என்று தெரியாமல் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தொண்டியில் ஒரு பெரியவர் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து விரலில் தொட்டு முகர்ந்தார். "தம்பி, இது பிரேக் ஆயில் இல்ல. என்ஜின் ஆயிலை ஊத்தி வச்சிருக்கான்" என்றார். பின்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போய்க் கொழகொழவென்று இருந்தது. என்ஜின் ஆயில் பட்டால் அந்த ரப்பர் அப்படித்தான் ஆகுமாம். பிறகு அது எண்ணெயை அடைத்துப் பிடிக்காது, கசியவிடும். மூன்று சக்கரத்துக்கும் கிட் மாற்றி, மாஸ்டர் சிலிண்டரைக் கழுவி, புது ஆயில் ஊற்றி, ஏர் எடுத்துக் கொடுத்தார். பழைய ரப்பரைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்து, "இதைத் தூக்கிப் போட்டுறாதீங்க, நாளைக்குக் கேப்பாங்க" என்றார். அந்தக் கவர் இப்போது எங்கள் வக்கீலிடம் இருக்கிறது.

ராமநாதபுரத்தில் போலீஸ் நிறுத்தினார்கள். வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்த எஸ்.ஐ., "எஃப்.சி. முடிஞ்சு பல மாசம் ஆச்சே, இன்சூரன்ஸும் இல்லையே, இதுல எப்படிய்யா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். எஃப்.சி. என்றால் வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று தரும் சான்று. எங்கள் கையில் இருந்த இன்சூரன்ஸ் ஜெராக்ஸில் தேதி தெளிவாக இருந்தது. அது வேறொரு ஆட்டோவின் இன்சூரன்ஸ். வண்டி எண்ணில் ஓர் எழுத்தைத் திருத்தி ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். பர்மிட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆட்டோ பர்மிட்டில் எந்த எல்லைக்குள் ஓட்டலாம் என்று எழுதியிருக்கும், நாங்கள் அந்த எல்லையைத் தாண்டி மாவட்டக்கணக்கில் வந்திருந்தோம்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. பர்மிட் மீறலுக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அபராதம் கூடப் பெரிதில்லை. தொண்டிக்கு முன்னால் அந்தப் பிரேக்கோடு யார்மீதாவது மோதியிருந்தால், நஷ்ட ஈடு கொடுக்க வேண்டிய இடத்தில் வண்டி முதலாளியோடு ஓட்டிய நாங்களும் நின்றிருப்போம். எஸ்.ஐ. நல்லவர், நிலைமையைப் புரிந்துகொண்டு சலான் மட்டும் போட்டு, வண்டியைப் பிடித்துவைக்காமல் விட்டார். நிறுவனத்துக்குப் போன் போட்டால், "சலான் ஓட்டறவங்க பொறுப்பு சார், அக்ரிமெண்ட்ல இருக்கு" என்றார்கள். பார்த்தால், இருந்தது. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி என்று மெதுவாக ஓட்டி ஒருவழியாகக் கன்னியாகுமரி சேர்ந்தோம். மெடல் போட்டு முடித்த கையோடு அவர்கள் ஆள் ஒருவன் டார்ச் அடித்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மறுநாள் வாட்ஸ்அப்பில் கணக்கு வந்தது. அனுமதி இல்லாமல் பிரேக்கில் கை வைத்ததற்கு 6,500. க்ளட்சைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு 4,800. ஸ்டிக்கர் உரிந்ததற்கு 3,000. மீட்பு வண்டி தயார்நிலையில் இருந்ததற்கு 2,500. அந்த மீட்பு வண்டியை இன்றுவரை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. இருபதாயிரத்தில் மிச்சம் 3,200 ரூபாய் கணக்கில் வந்து விழுந்தது. தொண்டியில் நாங்கள் கொடுத்த மெக்கானிக் செலவு அதில் சேராது, ஏனென்றால் பாய் அவர்களுடைய 'அங்கீகரிக்கப்பட்ட' மெக்கானிக் இல்லை.

இதே மாதிரி வண்டி எடுக்க நினைப்பவர்கள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. முன்பணம் கட்டும் முன் வண்டி எண்ணைக் கேளுங்கள். எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எட்டு வயது தாண்டிய வாடகை வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும், அதற்குள் இருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பர்மிட்டை நேரில் வாங்கிப் படியுங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். வண்டியைப் பகலில்தான் எடுப்பேன் என்று சொல்லுங்கள், வீடியோ எடுங்கள், பிரேக் பெடலை அமுக்கி அப்படியே பிடியுங்கள். மெல்ல உள்ளே இறங்கினால் வேறு வண்டி கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காததே முறையற்ற வணிகம்தான். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லாமலும் கொடுக்கலாம். நாங்கள் போலி ஜெராக்ஸ் விவகாரத்துக்காகத்தான் வக்கீலிடம் போனோம், அதற்குப் போலீஸில் தனிப் புகார்.

போன வாரம் அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் பேசினார். பாதித் தொகையைத் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள், நல்லபடியாக ஒரு வீடியோவும் போடுங்கள் என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றோம். இன்னும் வரவில்லை. பொங்கல் விடுமுறைக்கு இப்போதே பணம் கட்டியவர்கள் சிலர் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். உங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் எண்ணை இன்றே கேளுங்கள். கொடுக்க மறுத்தால் பயணத்தை ரத்து செய்வதாக எழுத்தில் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.