ஊசியா, ஏர் ஸ்கிரைபா, அமிலமா: குன்னூர் ஈரத்தில் ஓர் ஒப்பீடு

நீலகிரிப் பாறையில் புதைபடிவம் தேடுவது வீண் வேலை. இங்கே இருப்பது சார்னோக்கைட். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் அடியாழத்தில் வெந்து இறுகிய பாறை அது; சிப்பி ஓடும் எலும்பும் உலகத்தில் தோன்றாத காலம். மலையில் உட்கார்ந்து, படிவத்தைச் சுற்றி ஒட்டிய கல்லை நீக்கிச் சுத்தம் செய்பவருக்குக் கல் எல்லாம் கீழே சமவெளியிலிருந்துதான் வர வேண்டும். எனக்கு வருவது ஒரு கல்லூரிப் புவியியல் துறையின் பழைய சேகரிப்பு: அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கிரெட்டேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலம்) கடலடிப் பாறை, ஒவ்வொன்றிலும் பதிவு எண்ணோடு. அனுமதி இல்லாமல் பொறுக்கி வந்த கல்லைப் பற்றி இங்கே பேச்சில்லை.

கருவிகளைப் பற்றிக் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் வறண்ட ஊர்க்காரர்கள் சொன்னது. துவைத்துப் போட்ட துணி மூன்று நாள் ஆகியும் காயாத ஊருக்கு அந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. அதனால் எந்தக் கருவியையும் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடை போடுகிறேன்: படிவம் என்ன கனிமம், இந்தக் காற்றின் ஈரம் அந்தக் கருவியை என்ன செய்யும்?

பின் வைஸ் ஊசி

ஊசியை இறுக்கிப் பிடிக்கும் சின்னக் கைப்பிடிதான் பின் வைஸ். வாட்ச் ரிப்பேர் செய்பவர் கையில் பார்த்திருப்பீர்கள். தையல் மெஷின் ஊசியை மாட்டினாலும் வேலை நடக்கும், ஆனால் சீக்கிரம் மழுங்கும். டங்ஸ்டன் கார்பைடு ஊசி விலை அதிகம், பல மாதம் உழைக்கும். பல் டாக்டர் கழித்துப் போட்ட கொக்கி ஊசிகள் களிமண்ணுக்கு மட்டும் சரி.

ஊசியால் கல்லைச் சுரண்டக் கூடாது. ஓட்டின் மேல் ஒரு மில்லிமீட்டர் கல் மிச்சம் இருக்கும்போது, ஓட்டுக்குச் சற்று மேலே முனையை ஊன்றி மெல்ல அழுத்த வேண்டும். கல்லும் ஓடும் ஒட்டியிருக்கும் இடம்தான் பலவீனமான இடம். அங்கே சில்லு ‘டிக்’ என்று தெறித்துக் கிளம்பும். அடியில் ஓட்டின் பளபளப்பு தெரியும். சத்தம் வராமல் மாவு மாதிரி உதிர்ந்தால் முனை ஓட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று பொருள். இதைக் கவனிக்க ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் வேண்டும், 10 மடங்கு போதும். வெறுங்கண்ணால் செய்கிற ஊசி வேலையை நான் ஊசி வேலையாகவே எண்ணுவதில்லை.

ஊசிக்குக் கரண்ட் வேண்டாம், மூடுபனி அதை ஒன்றும் செய்யாது. குறை ஒன்றுதான்: கருடமங்கலத்துச் சிப்பிக்கல் மாதிரி இறுகிய சுண்ணாம்புக் கல்லில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தாலும் நகத்தளவு கூட நகராது.

எங்கிரேவரும் ஏர் ஸ்கிரைபும்

பாத்திரக் கடையில் எவர்சில்வர் தட்டில் பெயர் வெட்டித் தருவார்களே, அந்த மெஷினை வைத்துத்தான் பலர் தொடங்குகிறார்கள். விலை குறைவு, பிளக்கைச் செருகினால் போதும். ஆனால் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 6,000 அடிதான் அடிக்கும், ஒவ்வொரு அடியும் நீளம். அதிர்ச்சி கல் முழுக்கப் பரவும். ஏற்கெனவே விரிசல் விட்ட அம்மோனைட் (சுருள் ஓட்டுக் கடலுயிரின் படிவம்) அதைத் தாங்காது. படிவத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளியிருக்கும் வெறுங்கல்லை உடைக்க மட்டும் அதை எடுக்கலாம்.

ஏர் ஸ்கிரைப் பேனா அளவுதான். உள்ளே அழுத்தக் காற்று ஒரு சுத்தியலை நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை தட்டும். முனை அசைவது மயிரிழை தூரம். இறுகிய கல்லில் ஊசிக்கு ஒரு வாரம் பிடிக்கிற வேலை இதில் ஒரு நாளில் முடியும்.

ஆனால் கம்ப்ரஸர் வேண்டுமே! குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே சமவெளியில் சரியாக இருக்கும் மெஷின் இங்கே கூடுதல் நேரம் ஓடித்தான் அதே காற்றை நிரப்பும். வாங்கும்போது ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள். மேட்டுப்பாளையத்தில் கம்ப்ரஸர் பார்க்கும் அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார்: “சார், மேல கொண்டு போனா டேங்க்ல தண்ணி கட்டும். தினமும் அடி வால்வைத் திறந்து விட்ருங்க, இல்லேன்னா துரு பிடிச்சுடும்.” குழாயில் ஈரம் பிரிக்கும் பில்டரும், ஸ்கிரைபுக்குள் அன்றாடம் ஒரு சொட்டு எண்ணெயும் இருந்தால் மழைக்காலத்திலும் இது ஓடும்.

பவுடர் ஊதும் கருவி

நுண்ணிய பொடியைக் காற்றோடு பாய்ச்சிக் கல்லைத் தேய்க்கும் கருவி. வறண்ட ஊர்களில் இதற்குத்தான் முதல் மரியாதை, ஏனென்றால் கையழுத்தமே இல்லை. பொடியைப் பொறுக்குவதில்தான் சூட்சுமம். மோஸ் கடின அளவுகோலில் பேக்கிங் சோடா 2.5, சுண்ணாம்புக் கல்லின் கனிமமான கால்சைட் 3, டோலமைட் 3.5 முதல் 4, எலும்பின் அபடைட் 5. எலும்பின் மேல் டோலமைட் ஊதலாம். பெலம்னைட் (கணவாய் இனத்தின் குண்டு வடிவப் படிவம்), சிப்பி போன்ற கால்சைட் படிவத்தின் மேல் ஊதினால் கல்லோடு ஓட்டின் வரிகளும் போய்விடும். அதற்குச் சோடாதான், அதுவும் கல் மிருதுவாக இருந்தால்.

குன்னூரில் இது எனக்குச் சரிப்படாத கருவி. ஈரக்காற்று பட்டதும் பொடி கட்டிதட்டும், நாசில் அடைக்கும். பொடியை அடுப்புச் சூட்டில் உலர்த்தி, காற்றை உலர்த்தும் கருவி பொருத்தி, ஊதும் பெட்டிக்குள் பல்பு எரிய விட்டு... அத்தனையும் செய்கிற நேரத்தில் ஊசியே வேலையை முடித்திருக்கும். கோத்தகிரி நண்பர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் ஊதுகிறவர்; அந்த இரண்டு மாதத்துக்கு அவர் சொல்வது நியாயம்தான்.

அமிலம்

1940களில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஹாரி டூம்ஸ் வளர்த்தெடுத்த முறை. 5 முதல் 10 சதவீத அசெட்டிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், பாஸ்பேட்டான எலும்பையும் பல்லையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். சுண்ணாம்புக் கல்லில் மாட்டிய சுறாப் பல்லுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சிப்பிக்கும் அம்மோனைட்டுக்கும் கேட்கவே கேட்காதீர்கள், கல்லுக்கு முன் படிவமே கரையும். அமிலத்தில் கிடந்த நேரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் தண்ணீரில் ஊற வேண்டும், இல்லையென்றால் காயும்போது உப்பு பூத்துப் படிவத்தைப் பிளக்கும்.

பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊரின் களிமண்ணுக்கு அமிலமும் வேண்டாம், ஸ்கிரைபும் வேண்டாம். மண்ணை நன்றாக உலர்த்தி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் தானே பொலபொலவென்று உதிரும். ‘நன்றாக உலர்த்தி’ என்பதுதான் இங்கே பாடு. டீ பேக்டரிக்காரர் யாராவது தெரிந்தவராக இருந்தால் உலர்த்தும் அறைப் பக்கம் ஒரு தட்டு வைக்க இடம் கேளுங்கள்.

ஒட்டும் பசை

அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் எடுத்து 1987இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்ட மாபெரும் டைனோசரின் எலும்புகள் இன்று இல்லை. எடுத்த பிறகு நொறுங்கிப் போயின. அந்த மண்ணின் எலும்பு அப்படி. எந்த உளியையும் எடுப்பதற்கு முன் எலும்புக்குப் பசை ஊட்ட வேண்டும்.

சூப்பர் குளூ காற்றின் ஈரத்தில்தான் இறுகும், அதனால் மலையில் நொடியில் பிடிக்கும். பிடித்தால் எளிதில் விடாது, அதுதான் ஆபத்து. பாராலாய்டு பி-72 என்பது அக்ரிலிக் பிசின்; அசிட்டோனில் கரையும், பிற்பாடு வருகிறவர் வேண்டுமென்றால் கழற்றிக்கொள்ளலாம். என் ஓட்டு அதற்கே, ஒரு தொல்லையைச் சகித்துக்கொண்டு: அசிட்டோன் பறக்கும்போது கல் குளிர்ந்து, மூடுபனி ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். வெயில் வந்த நாளில் அசிட்டோனைத் தொட்டு மறுபடி தடவினால் தெளியும்.

கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் முதலில் மைக்ரோஸ்கோப், அடுத்து கார்பைடு ஊசி, பிறகு பாராலாய்டு. ஏர் ஸ்கிரைப் நாலாவது. ஸ்கிரைப் வாங்கும் அன்றே தூசு உறிஞ்சியும் என்-95 முகக்கவசமும் வாங்கிவிடுங்கள். மணற்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது, குளிருக்குப் பயந்து நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்கிறோம்.