ஓரெம் நகரில் யுடோபியா ஃபைபர்: பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஓரெம் நகரில் வசிக்கிறோம். எங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் (ஒளியிழை) கேபிள் எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் சொந்தமானது அல்ல. சுற்றுவட்டார நகராட்சிகள் கூட்டாக நடத்தும் யுடோபியா ஃபைபர் என்ற பொது அமைப்பின் சொத்து அது. அந்தக் கேபிள் வழியே யாரிடம் இணையச் சேவை வாங்குவது என்பது நம் விருப்பம். மாதக் கட்டணம் இரண்டு பகுதிகளாக வரும்: கேபிளுக்கு ஒன்று, சேவைக்கு ஒன்று. இரண்டையும் கூட்டிய பிறகே மற்ற நிறுவனங்களோடு விலையை ஒப்பிட வேண்டும்.

வேகத்தில் குறையே இல்லை. பதிவிறக்கமும் பதிவேற்றமும் சம வேகத்தில் நடக்கின்றன. 2020 ஊரடங்கில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு அறையில் அலுவலகக் கூட்டத்தில் இருக்க, மகள் பள்ளி வகுப்பில் இருக்க, திருநெல்வேலியிலிருந்து அம்மாவும் வீடியோவில் பேசிக்கொண்டிருப்பார். எதுவும் தடுமாறியதில்லை.

ஆனால் இந்த அமைப்பின் அருமை எனக்குப் புரிந்தது, சேவை நிறுவனத்தை மாற்றியபோதுதான். முதலில் எடுத்த நிறுவனம் தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கட்டணத்தை ஏற்றினார்கள். கேட்பதற்குத் தொலைபேசியில் அழைத்தால் இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதே வேலையாயிற்று. வேறு ஊராக இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்போம். இங்கே வேறொரு நிறுவனத்தில் பதிவு செய்தேன். நிலவறைச் சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டி அப்படியே இருந்தது. அதற்குள் நுழையும் மெல்லிய மஞ்சள் இழையை யாரும் தொடவில்லை. யாரும் வீட்டுக்கு வந்து துளை போடவும் இல்லை. ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார்கள். புதிய சேவை வந்துவிட்டது. பழைய நிறுவனம் அடுத்த வாரமே குறைந்த விலை சொல்லி அழைத்தது. நுகர்வோருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன இருக்கிறது?

இந்த வசதி சும்மா வந்துவிடவில்லை. 2001-இல் வந்த மாநிலச் சட்டம், நகராட்சிகள் நேரடியாக மக்களுக்கு இணையச் சேவை விற்பதைக் கடினமாக்கியது. அதனால்தான் கேபிளை மட்டும் போட்டு, சேவையைத் தனியாருக்கு விடும் வழியை 2002-இல் தேர்ந்தெடுத்தார்கள். ஓரெம், மரி, லேட்டன் உள்ளிட்ட 11 நகரங்கள் தங்கள் விற்பனை வரி வருவாயையே ஈடாக வைத்துக் கடன் வாங்கின. பணிகள் இழுத்தன, வருமானம் போதவில்லை. 2008-இல் 185 மில்லியன் டாலருக்குக் கடனை மாற்றி அமைத்தார்கள். அது 2040 வரை நீள்கிறது. தன் தெருவுக்குக் கேபிள் வராமலேயே பல ஆண்டுகள் இந்தக் கடனைச் சுமந்தவர்களின் கோபம் முற்றிலும் நியாயமானது. பிறகு சில நகரங்கள் சேர்ந்து இன்னொரு அமைப்பை உருவாக்கி, சந்தாதாரர் கட்டணத்தை நம்பி விரிவாக்கத்தைத் தொடர்ந்தன. 2014-இல் மக்குவாரி என்ற ஆஸ்திரேலிய முதலீட்டு நிறுவனம், வலைப்பின்னலை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோவதாகச் சொல்லி, இணைப்பு வேண்டாதவர் உட்பட எல்லா வீட்டிலும் மாதக் கட்டணம் வசூலிக்கும் திட்டத்தோடு வந்தது. ஓரெம் அதை மறுத்தது. மெதுவானாலும், வேண்டியவரே பணம் கட்டும் வழிதான் சரி என்பது என் கருத்து.

பக்கத்து ஊரான ப்ரோவோ தனியாகவே இதில் இறங்கியது. ஐப்ரோவோ என்ற பெயரில் 39 மில்லியன் டாலர் கடன் வாங்கிக் கட்டிய வலைப்பின்னலை, 2013-இல் கூகுள் ஃபைபருக்கு 1 டாலருக்குக் கொடுத்தார்கள். கடன் ஊர் மக்கள் தலையில் நின்றது. எங்கள் நகரங்களும் அதே அளவு தடுமாறியவைதான். ஆனால் பல ஊர்கள் தோள் கொடுத்ததால் கேபிள் கைவிட்டுப் போகவில்லை. இப்போது ஐடஹோ ஃபால்ஸ் போன்ற வெளிமாநில நகரங்களும் யுடோபியாவோடு கூட்டுச் சேர்ந்திருக்கின்றன.

இந்தப் பக்கம் குடிவருகிறவர்களுக்கு: வீடு பார்க்கும்போதே முகவரியை யுடோபியா தளத்தில் போட்டுப் பாருங்கள். அடுக்குமாடி என்றால் உரிமையாளரிடம் கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். சில கட்டடங்களில் வேறு நிறுவனத்தோடு முன்பே ஏற்பாடு இருக்கும். ரூட்டரை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வாங்குங்கள். நாளை நிறுவனம் மாறினாலும் அது உங்களோடு இருக்கும்.