ஹெட்போன் ஆம்புக்குத் துளை போட்ட பெட்டியா, மூடிய அலுமினியப் பெட்டியா?

மேசையில் திறந்து கிடந்தபோது ஒழுங்காக ஓடிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் போர்டு, பெட்டிக்குள் போனதும் கொதிக்க ஆரம்பிக்கும். சொந்தமாகக் கட்டுகிற எல்லோருக்கும் வரும் பிரச்சினைதான். "நாலு துளை போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரி கடற்கரை ஊர்களில் அந்த யோசனையை நான் ஏற்க மாட்டேன்.

முதலில் எவ்வளவு சூடு என்று பார்க்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிமோய் (CMoy) என்ற எளிய வகை ஆம்புக்கு இந்தக் கவலையே வேண்டாம். அதில் வழக்கமாகப் போடும் ஓபிஏ2134 ஐசி சும்மா இருக்கும்போது எடுப்பது சுமார் 8 மில்லிஆம்பியர்தான், அதாவது 0.1 வாட்டுக்கும் கீழே. மிட்டாய் டின்னில்கூட அடைக்கலாம். எப்போதும் ஒரே அளவு கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும் கிளாஸ் ஏ வகை ஆம்ப் அப்படியில்லை. 24 வோல்ட்டில் 250 மில்லிஆம்பியர் எடுக்கும் ஆம்ப், பாட்டு ஓடாவிட்டாலும் 6 வாட்டைச் சூடாகக் கக்கிக்கொண்டே இருக்கும். இந்த அலசல் அதற்குத்தான்.

பிளாஸ்டிக் டப்பா விலை குறைவு, துளை போடுவதும் சுலபம். ஆனால் உள்ளே நகராமல் நிற்கும் காற்று சூட்டை வெளிச்சுவர் வரைக்கும் கொண்டுபோகாது. டிரான்சிஸ்டர் ஒரே இடத்தில் வெந்துகொண்டிருக்கும். 6 வாட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

துளை போட்ட பெட்டி நன்றாக வேலை செய்யும், அடியிலும் மேலேயும் துளை இருந்தால். மேலே மட்டும் போட்டால் பெரிய பலன் இல்லை. குளிர்ந்த காற்று கீழே நுழைந்தால்தான் சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். அடியில் ரப்பர் கால் வைத்துப் பெட்டியைச் சற்றுத் தூக்கவும் வேண்டும். சிக்கல் என்னவென்றால், கடலோரத்தில் அதே வழியாக உப்புக் காற்றும் உள்ளே போகும். செம்பில் பச்சைக் களிம்பு படியும், வால்யூம் கண்ட்ரோல் கரகரக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஈரம் காய நேரமே கிடைக்காது. வலை ஒட்டினால் பல்லி நுழையாது, சிற்றெறும்பு நுழையும். சின்ன ஃபேன் வைப்பது இன்னும் மோசம்: உப்பை இழுத்துப் போடும், அமைதியான பாட்டுக்கு நடுவில் இரையும்.

அதனால் கடலோரத்துக்கு என் தேர்வு மூடிய அலுமினியப் பெட்டி. சூடாகும் பாகங்களைச் சுவரோடு சேர்த்துத் திருகினால் பெட்டியே ஹீட் சிங்க் (சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகம்) ஆகிவிடும். 16×10×5 செ.மீ. பெட்டியின் மொத்தப் பரப்பு 580 சதுர செ.மீ. தோராயக் கணக்கில் 6 வாட்டுக்கு அது வெளிக்காற்றைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் கூடுதலாகச் சுடும். 10×8×3 செ.மீ. பெட்டியில் அதுவே இருபதுக்கு மேல் போகும். சித்திரை வெயிலில் இந்த வித்தியாசம் கை வைத்தாலே தெரியும். ஆகவே அழகுக்காகப் பெட்டியைச் சுருக்காதீர்கள். பளபளக்கும் அலுமினியத்தைவிடக் கறுப்பு அனோடைஸ் (மேற்பரப்பில் ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்தது சூட்டை நன்றாகக் கதிர்வீசும்.

வேலை கொஞ்சம் கூடுதல்தான். வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் ஐசியான எல்எம்317-இன் உலோக முதுகில் அவுட்புட் வோல்டேஜ் இருக்கும். மைகா தகடும் திருகுக்கு இன்சுலேட்டிங் வாஷரும் இல்லாமல் பெட்டியில் பொருத்தினால் ஷார்ட் ஆகிவிடும். டிரான்சிஸ்டர் சூடாகச் சூடாகக் கூடுதல் கரண்ட் இழுக்கும். அந்தக் கரண்டின் அளவை நிர்ணயிக்கும் பயாஸ் டிரான்சிஸ்டரையும் அதே சுவரில் பக்கத்திலேயே பொருத்தினால்தான் கரண்ட் கட்டுக்குள் நிற்கும். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களை அந்தச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். 10 டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

தக்கலை, குலசேகரம் பக்கம் கடல் தள்ளியிருப்பதால் துளைப் பெட்டியே போதும், செலவும் மிச்சம். ஆரல்வாய்மொழியில் காற்றோடு தூசியும் வரும் என்பதால் அங்கேயும் மூடியதையே சொல்வேன்.

எந்தப் பெட்டி எடுத்தாலும் ரெகுலேட்டரில் வீணாகும் வோல்ட்டைக் குறையுங்கள். 12 வோல்ட் ஆம்புக்கு 20 வோல்ட் கொடுத்தால் 250 மில்லிஆம்பியரில் 2 வாட் அங்கேயே போய்விடும். 15 வோல்ட் அடாப்டர் என்றால் 0.75 வாட்தான்.