குளிரூட்டும் உலர்த்தியா, சிலிக்கா ஜெல்லா?

ஸ்பிரே பெயின்ட் அடிக்கும்போது காற்றுக் குழாயில் வரும் ஈரம், பூச்சில் கொப்புளமாகவும் குழிகளாகவும் நின்றுவிடுகிறது. கம்ப்ரசரை ஒட்டி மாட்டும் நீர்ப்பிரிப்பான் துளிகளைத்தான் பிடிக்கும். சூடான காற்றிலுள்ள நீராவி அதைத் தாண்டிப் போய்விடும். அந்த ஆவியை எடுக்க இரண்டு வழிகள் உண்டு.

குளிரூட்டும் உலர்த்தி, காற்றை ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, ஆவியை நீராக்கி வெளியேற்றுகிறது. நாள் முழுவதும் வேலை நடக்கும் பட்டறைக்கு இதுவே ஏற்றது. மின்சாரம் வேண்டும், வடிகால் அடைபடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் நிரப்பிய குடுவை இன்னும் வறண்ட காற்றைத் தரும், மின்சாரமும் தேவையில்லை. ஆனால் அதன் கொள்ளளவு சிறியது. மணிகள் நிறம் மாறியதும் ஏறத்தாழ 120 டிகிரியில் சூடாக்கி ஈரத்தைப் போக்க வேண்டும். நீர்த்துளிகள் நேராக வந்து விழுந்தால் சீக்கிரமே நிரம்பிவிடும். எண்ணெய் படிந்த மணிகளையோ சூடாக்கியும் மீட்க முடியாது. எனவே நீர்ப்பிரிப்பானும் எண்ணெய் வடிகட்டியும் அதற்கு முன்னால் கட்டாயம் இருக்க வேண்டும். இவற்றைத் தவிர்த்துவிட்டு ஜெல்லைக் குறைசொல்வது நியாயமே இல்லை.

எப்போதாவது ஒரு கதவோ பம்பரோ பூசுபவருக்கு நான் ஜெல்லையே பரிந்துரைப்பேன். அதைக் கம்ப்ரசரிடம் மாட்டாமல், காற்று ஆறி வந்து சேரும் குழாயின் கடைசியில் மாட்டுங்கள்.